பழைய எஸ்டீமில் இன்ஜெக்டரையும் ஃப்யூயல் ரெயிலையும் திரும்ப மாட்டுவது எப்படி?

சுத்தம் செய்யக் கொடுத்த, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களும் ஒரு பிளாஸ்டிக் கவரில் திரும்பி வந்துவிட்டன. கூடவே ஒரு ரிப்போர்ட் தாள். வண்டி வாசலில் பானட் திறந்தபடி நிற்கிறது. இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. இந்த இடத்தில் முதல்முறையாக வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாருதி எஸ்டீம் கார் 2001 மாடல். அப்பா வாங்கியது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டர் சர்வீஸ் செய்து எடுத்து வந்தோம். இன்ஜின் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. ஓரமாக நிறுத்திப் பானட்டைத் திறந்தால், மூன்றாவது இன்ஜெக்டரின் தலைப்பகுதி ஈரமாக இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் சூடான இன்ஜின். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டு மாட்டியிருந்தார்கள். நான்கு ரப்பர் வளையம், அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் செய்கிறேன்.

இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வது பற்றி எல்லோரும் பேசுவார்கள். திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போடுவதையும், செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் கசிவு பார்ப்பதையும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

எஸ்டீம் 1994இல் வந்தபோது அதில் கார்புரேட்டர்தான் இருந்தது. நாடு முழுக்க 2000இல் வந்த மாசு விதிகளும், 2001இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 2 விதியும் கார்புரேட்டர் காலத்தை முடித்து வைத்தன. அந்தச் சமயத்தில் வந்ததுதான் 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜின். எம்பிஎஃப்ஐ என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக ஒரு இன்ஜெக்டர். நான்குக்கும் மேலே படுத்திருக்கும் ஒரு குழாய்தான் ஃப்யூயல் ரெயில். சுசுகி மேனுவலில் இதை டெலிவரி பைப் என்று எழுதியிருப்பார்கள். பட்டறையில் ரெயில் என்றால் எல்லோருக்கும் புரியும்.

அதே காலத்து ஜென் எம்பிஎஃப்ஐ, இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ, பழைய ஹோண்டா சிட்டி எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். போல்ட் இருக்கும் இடமும் ஓ-ரிங் அளவும் மாறும், வேலையின் ஒழுங்கு மாறாது. ஆனால் டீசல் சிஆர்டிஐ வண்டியில் இதைப் பார்த்து எதையும் தொடாதீர்கள். அந்த ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் தெளிக்கும் புதிய டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கும் இது பொருந்தாது.

நம் பழைய பெட்ரோல் வண்டியில் ரெயில் அழுத்தம் ஏறக்குறைய 2.5 முதல் 3 பார். டயர் காற்று கணக்கில் சொன்னால் 36 முதல் 44 பிஎஸ்ஐ. டயருக்கு நாம் 30, 32 அடிக்கிறோம், அதைவிட அதிகம். கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் பம்ப் கொடுத்தது 3, 4 பிஎஸ்ஐதான். அந்தக் காலத்துக் கைப்பழக்கம், அதாவது கொஞ்சம் கசிந்தால் கிளிப்பை இறுக்குவது, கிடைத்த ஹோஸை மாட்டுவது எல்லாம் இங்கே செல்லாது. கார்புரேட்டரில் சொட்டுகிற இடத்தில் இங்கே பீய்ச்சும்.

உட்கார்வதற்கு முன்

இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பெட்ரோல் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியை விடும் என்றால், நம் ஊர் வெயிலில் யோசித்துக்கொள்ளுங்கள். போர்டிகோவில் வேலை செய்தால் வாசல் விளக்கு, ஊதுபத்தி, பக்கத்திலேயே இருக்கும் வீட்டு இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். ஒயரில் தொங்கும் பழைய குண்டு பல்பு வேண்டாம், அதன்மேல் ஒரு சொட்டு விழுந்து பல்பு வெடித்தால் அதுவே பொறி. கையெட்டும் தூரத்தில் டிரை பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். ஒரு வாளி தண்ணீர் அதற்கு மாற்று ஆகாது, பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து பரவும்.

பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். இன்ஜெக்டரை நீங்களே கழற்றியிருந்தால் ரெயிலின் அழுத்தத்தை அப்போதே இறக்கியிருப்பீர்கள். அதாவது பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்திருப்பீர்கள். வேறு யாராவது கழற்றியிருந்தால், எந்தக் குழாயைத் தொடுமுன்னும் துணி சுற்றித் தொடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10, 12 நம்பர் சாக்கெட், ராட்செட், இறுக்கத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், நூல் உதிராத சுத்தமான துணி, கண்ணுக்குக் கண்ணாடி. பனியன் வேஸ்ட்டை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அதன் ஒரு நூல் இன்ஜெக்டருக்குள் போனால் செலவு செய்து சுத்தம் செய்ததெல்லாம் வீண்.

கையில் வந்த இன்ஜெக்டரைப் பாருங்கள்

ரிப்போர்ட் தாளில் நான்கு இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி திரவம் விட்டன என்று எழுதியிருக்கும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால், மாட்டும் முன்பே கடைக்காரரிடம் கேளுங்கள். அதோடு கசிவுப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். அழுத்தத்தில் மூடியபடி இருக்கும் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாகத்தான் விட வேண்டும். தெளிப்பு அழகாக இருந்து, மூடும்போது ஒழுகினால் அந்த இன்ஜெக்டர் உதவாது. இந்தப் பரிசோதனையை வீட்டில் பாட்டரி ஒயர் கொடுத்துச் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. வேண்டாம். பெட்ரோல் தூவலாக வரும் இடத்தில் ஒயரில் பொறி பறக்கும்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இன்ஜெக்டரின் இரண்டு பின்களிலும் தொடுங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரைக்குள் இருக்கும், நான்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். ஒன்று மட்டும் எல்லையில்லாமல் காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது என்று பொருள். மாட்டிய பிறகு தெரிவதற்கு இப்போதே தெரிவது நல்லது.

தலைப்பக்கம் நுழைவாயில் உள்ளே விரல் நுனியைவிடச் சின்னதாக ஒரு வலைக்கூடை இருக்கும். அதுதான் கடைசி ஃபில்டர். நல்ல கடையில் அதை மாற்றியே கொடுப்பார்கள். எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓ-ரிங்

ஒரு இன்ஜெக்டருக்கு மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. மேலே இருக்கும் ஓ-ரிங் ரெயிலுக்குள் போய் 3 பார் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துகிறது. அது தோற்றால் பெட்ரோல் வெளியே வரும், தீ. கீழே இருக்கும் ரப்பர், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உட்கார்ந்து வெளிக்காற்றைத் தடுக்கிறது. அது தோற்றால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கும், சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்து மிஸ்ஸிங் அடிக்கும். முதலாவது உயிருக்கு ஆபத்து, இரண்டாவது தலைவலி. வண்டிக்கு வண்டி அமைப்பு மாறும். எஸ்டீம் போன்ற சுசுகி இன்ஜின்களில் மேல் ஓ-ரிங்கை ஒட்டித் தடித்த ரப்பர் வளையம் ஒன்றும், கீழே மெத்தை போன்ற ஒரு குஷனும் வரும். கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று படம் எடுத்து வைப்பது இதனால்தான்.

பழைய ஓ-ரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். 20 வருடம் சூட்டில் இருந்த ரப்பர் வட்டமாக இருக்காது, ஓரம் தட்டையாகி இருக்கும். நகத்தால் அழுத்தினால் நகம் பதியாது. அது தான் உட்கார்ந்திருந்த இடத்தின் வடிவத்துக்குப் பழகிவிட்டது. கழற்றி வேறு கோணத்தில் உட்கார வைத்தால் அதனால் மூட முடியாது. கழற்றும் முன் கசியாத ஓ-ரிங் திரும்ப மாட்டிய பின் கசிவது இந்தக் காரணத்தால்தான். "நன்றாகத்தானே இருந்தது" என்று எங்கள் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதும் பொய்யில்லை. கழற்றும்வரை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2022இல் நம் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது, 2023 தொடங்கி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்து, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் அதுதான் கிடைக்கிறது. 2001இல் செய்த வண்டியின் ரப்பரை யாரும் அந்தக் கலவைக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. எத்தனால் பட்டால் சில ரப்பர்கள் ஊறிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும், வெடிப்பு விடும். ஆகவே கடையில் வெறுமனே ஓ-ரிங் என்று கேட்காதீர்கள், வைட்டான் ஓ-ரிங் என்று கேளுங்கள். பெட்ரோலையும் சூட்டையும் தாங்க அதுதான் சரி. சென்னையில் ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகளில் இன்ஜெக்டர் சர்வீஸ் கிட் என்றே கேட்கலாம். பழைய ரிங் ஒன்றையும் ஒரு இன்ஜெக்டரையும் கையோடு கொண்டு போங்கள், அளவு சொல்லிப் புரியவைப்பதைவிட அது எளிது. ஆனால் தட்டையாகிப்போன பழைய ரிங்கின் தடிமனை மட்டும் நம்பிப் புதியதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்ஜெக்டரின் பள்ளத்தில் மாட்டிப் பார்த்தால், புது ரிங் அந்த விளிம்பைவிட நான்கு பக்கமும் சீராக வெளியே தெரிய வேண்டும். பிளம்பிங் கடை ஓ-ரிங் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பெட்ரோலில் சில நாளில் கெட்டுவிடும்.

பழையதை எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் புது ரிங்கும் கசியும். பல்குத்தும் குச்சியோ பிளாஸ்டிக் முனையோ போதும். புதியதை மாட்டும்போது முறுக்காமல் விரலால் உருட்டி ஏற்றுங்கள்.

மேனிஃபோல்டும் ரெயிலும்

மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் உட்காரும் நான்கு ஓட்டைகளும் இப்போது துணி அடைத்து இருக்க வேண்டும். அடைத்த துணிகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வைத்தால் நான்கு வெளியே வர வேண்டும். ஒரு சின்ன வாஷரோ பழைய ரப்பர் துண்டோ உள்ளே விழுந்தால், அது வால்வு வரை போய்விடும், அதற்குப்பின் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலை.

துணி உள்ளே இருக்கும்போதே ஓட்டையைச் சுற்றியிருக்கும் மண், எண்ணெய்ப் பிசுக்கை பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். பிறகு ஓட்டையின் உட்சுவரை, கார்புரேட்டர் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். மேனிஃபோல்டு அலுமினியம், எளிதில் தேயும், தேய்ந்த இடத்தில் கீழ் ரப்பர் மூடாது. பழைய குஷன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதைக் கவனிக்காமல் மேலேயே புதியதை வைப்பது அடிக்கடி நடக்கிற பிழை. அப்படி வைத்தால் அந்த ஒரு இன்ஜெக்டர் உயர்ந்து நிற்கும், ரெயில் சாய்ந்துவிடும்.

ரெயிலின் உட்புறத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நின்றுபோய் ஓடாத வண்டியின் பெட்ரோல் காய்ந்து அரக்குப்போல் ஆகியிருக்கும். சுத்தமான இன்ஜெக்டரை அழுக்கு ரெயிலில் மாட்டினால், முதல் செல்ஃபில் அந்த அழுக்கெல்லாம் நேரே வலைக்கூடைக்கு வரும். கிளீனர் ஊற்றி, குலுக்கி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் நிறம் வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அப்புறம் காற்றடித்துக் காயவிடுங்கள். பெட்ரோல் ஃபில்டரையும் இதே நாளில் மாற்றிவிடுங்கள். டேங்கில் பல மாதப் பழைய பெட்ரோல் இருந்தால் அதை வெளியே எடுக்காமல் மேற்கொண்டு போகவே கூடாது.

ரெயிலின் ஒரு முனையில் வட்டமாக ஒரு டப்பிபோல் இருப்பது பிரஷர் ரெகுலேட்டர். அதிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய வாக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஈரமாகப் பெட்ரோல் இருந்தால் ரெகுலேட்டரின் உள் தோல் கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். ரெகுலேட்டருக்கும் ஒரு ஓ-ரிங் உண்டு, அதையும் மாற்றுங்கள்.

மாட்டுவது

முதலில் இன்ஜெக்டர்களை ரெயிலில் மாட்டுகிறோம், அப்புறம் ரெயிலோடு சேர்த்து மேனிஃபோல்டில் இறக்குகிறோம். தனித்தனியாக மேனிஃபோல்டில் வைத்துவிட்டு மேலிருந்து ரெயிலை அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மேல் ஓ-ரிங் சரியாகப் போனதா என்று கண்ணுக்குத் தெரியாது. மிகவும் முக்கியமான ரப்பரை மேசையில் வைத்து, வெளிச்சத்தில், கண்ணால் பார்த்து மாட்டுவதுதான் நல்லது.

மேல் ஓ-ரிங்கில் ஒரு சொட்டுச் சுத்தமான பெட்ரோலோ, விரல் நுனியில் தொட்ட மெல்லிய இன்ஜின் ஆயிலோ தடவுங்கள். உலர்ந்த ரப்பரைத் தள்ளினால் உருண்டு, மடிந்து, ஓரம் வெட்டுப்படும். கிரீஸ் வேண்டாம், வலைக்கூடையை அடைக்கும். சிலிகான் பசையும் சிலிகான் கிரீஸும் ஆகவே ஆகாது, அது எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். கசிந்துவிடுமோ என்று பயந்து சுற்றிலும் சிலிகான் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு மருந்து புது ஓ-ரிங்தான்.

இன்ஜெக்டரை நேராகப் பிடித்து, லேசாக இடமும் வலமும் திருகியபடி உள்ளே அழுத்துங்கள். சாய்க்காதீர்கள். "சப்" என்று உட்காரும். உட்கார்ந்ததும் இன்ஜெக்டரை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். வெண்ணெயில் சுற்றுவதுபோல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்தாலோ, சுற்றவே மறுத்தாலோ ஓ-ரிங் மடிந்திருக்கிறது. வெளியே எடுங்கள், அந்த ரிங்கைத் தூக்கிப் போடுங்கள், வேறு புதியது போடுங்கள். கிட் வாங்கும்போதே ஒன்றிரண்டு ரிங் கூடுதலாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான். சுற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையை சுசுகி மேனுவலே சொல்கிறது. அரை நிமிட வேலை, இதைவிட நம்பகமான சோதனை வேறு எனக்குத் தெரியாது.

இனி மேனிஃபோல்டில் அடைத்த துணிகளை எடுங்கள். எண்ணுங்கள். ரெயிலுக்கு அடியில் ஸ்பேசர் இருந்தால் அவற்றை அதனதன் இடத்தில் வையுங்கள். அது சூட்டைத் தடுக்கவும் ரெயிலின் உயரத்தைச் சரியாக வைக்கவும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இறுக்கினால் இன்ஜெக்டர்கள் நசுங்கும்.

நான்கு முனைகளும் நான்கு ஓட்டைகளுக்கு நேராக வரும்படி ரெயிலைப் பிடித்து, இரண்டு உள்ளங்கையாலும் இரு பக்கமும் ஒரே அளவில் அழுத்துங்கள். ஒரு பக்கம் முழுக்க இறங்கி மறுபக்கம் தூக்கிக்கொண்டு இருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். போல்ட்டைப் போட்டு இழுத்து இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். கையால் இறங்காததைப் போல்ட்டால் இறக்கினால் ஏதோ ஒன்று நசுங்குகிறது. போல்ட்டுகளை விரலாலேயே கடைசிவரை ஓட்டுங்கள். அலுமினிய மரையில் கோணலாக ஏற்றிவிட்டால் அந்த மரை போச்சு. பிறகு ராட்செட்டால் ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி. கடைசியில் டார்க் ரெஞ்ச். 8 மில்லி போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரைக்குள்தான் வரும், உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பார்த்து வையுங்கள்.

இறுக்கியதும் மறுபடி ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சுற்றிப் பாருங்கள். இப்போது கொஞ்சம் கனமாக இருக்கலாம், ஆனால் சுற்ற வேண்டும். கப்ளர் (ஒயரின் பிளாஸ்டிக் செருகி) மாட்டும் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ரெயிலுக்கு வரும் ரப்பர் ஹோஸ் மாற்றினால் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஹோஸ்தான் வேண்டும். அதன் மேல் 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். 30ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கானது. கிளிப்பும் ஓரம் மடித்த வகையாக இருக்கட்டும், பல் வெட்டிய சாதா கிளிப் ரப்பரை அறுத்துவிடும். ஓட்டை போட்ட போல்ட்டால் குழாய் இணையும் இடத்தில் இருபுறமும் புது வாஷர் போடுங்கள். உள்ளே வரும் குழாயையும் டேங்குக்குத் திரும்பும் குழாயையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

கப்ளர்கள் "டிக்" என்று சத்தம் வரும்வரை போக வேண்டும். கழற்றும்போது 1, 2, 3, 4 என்று தாள் ஒட்டியிருந்தால் இப்போது வேலை சுலபம். பழைய கப்ளரின் பிளாஸ்டிக் பூட்டு உடைந்திருந்தால் கம்பியால் கட்டாமல் புதுக் கப்ளர் வாங்கிப் போடுங்கள்.

செல்ஃப் அடிக்காதீர்கள்

எல்லாம் மாட்டியாயிற்று. கை சாவிக்குப் போகும். இங்கேதான் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

பம்ப் ரிலேயைப் பிடுங்கியிருந்தால் அதைத் திரும்பச் செருகிவிட்டு, பாட்டரியை இணையுங்கள். ஒருவர் சாவியிடம் உட்காரட்டும், நீங்கள் பானட்டின் முன் நில்லுங்கள். தீயணைப்பான் உங்கள் பக்கம் இருக்கட்டும். சாவியை ஆன் மட்டும் போடச் சொல்லுங்கள், செல்ஃப் கூடாது. பின் சீட்டுப் பக்கமிருந்து பம்ப் "ங்ங்" என்று இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். ஆஃப். ஐந்து நொடி விட்டு மறுபடி ஆன். இப்படி நான்கைந்து முறை செய்தால் ரெயிலில் இருந்த காற்று போய்ப் பெட்ரோல் நிறைந்து முழு அழுத்தம் ஏறிவிடும். இன்ஜின் ஓடவில்லை, விசிறி சுற்றவில்லை, பிளக்கில் பொறி இல்லை. கசிவு இருந்தால் அது தெரிய இதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடையாது.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். டிஷ்யூ தாளைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையைச் சுற்றியும், ரெகுலேட்டர் அடியிலும், ஹோஸ் இணைப்புகளிலும் ஒற்றி எடுங்கள். ஒரு புள்ளி ஈரம் பட்டாலும் தாளின் நிறம் மாறும். எங்காவது ஈரம் தெரிந்தால் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். ஓ-ரிங் மூடுவது போல்ட் இறுக்கத்தால் இல்லை, தன் தடிமனால். சாவியை ஆஃப் செய்து, பாட்டரியைக் கழற்றி, துணி சுற்றி அழுத்தத்தை இறக்கி, ரெயிலைத் திரும்ப எடுத்து அந்த ரிங்கைப் பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டு முறையும் ரிங்கில் பிறை வடிவில் ஒரு வெட்டு இருந்தது.

ஈரம் இல்லையென்றால் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி வந்து முகருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து அதையும் முகருங்கள். ஒரு இன்ஜெக்டர் மூடாமல் திறந்தபடி இருந்தால் பெட்ரோல் வெளியே தெரியாது, சிலிண்டருக்குள் இறங்கும். சிலிண்டர் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை பலமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள், ஆயிலையும் மாற்றுங்கள்.

முதல் ஓட்டம்

இப்போது செல்ஃப் அடிக்கலாம். ஐந்து நொடிக்குமேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம், விட்டு விட்டு அடியுங்கள். பிடித்ததும் முதல் நிமிடம் கொஞ்சம் தடுமாறும். பாட்டரியைக் கழற்றியிருந்ததால் கம்ப்யூட்டர் ஐடிலிங்கைப் புதிதாகக் கற்கிறது, அதற்குச் சில நிமிடம் கொடுங்கள். கிளிக் கிளிக் என்று சின்னச் சத்தம் நான்கு இன்ஜெக்டரிலும் வர வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் உடலில் வைத்து, பிடியைக் காதருகில் வைத்தால் தெளிவாகக் கேட்கும். சட்டைக் கையும் தலைமுடியும் பெல்ட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது டிஷ்யூ சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், ஓடும்போதே இன்ஜெக்டர் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் இன்ஜின் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்தக் கப்ளரைக் கழற்றும்போது மாற்றமில்லையோ அங்கேதான் கோளாறு, பெரும்பாலும் சரியாக உட்காராத கப்ளர். ஐடிலிங் உயர்ந்தே நின்றாலோ ஏறி இறங்கினாலோ கீழ் ரப்பர்களைச் சந்தேகியுங்கள். சோப்புத் தண்ணீரை இன்ஜெக்டர் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டால், காற்று இழுக்கும் இடத்தில் நுரை உள்ளே போகும், சத்தமும் மாறும். இதற்கு கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. சூடான இன்ஜின்மேல் எரியும் திரவத்தைத் தெளிப்பதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். கறுப்புப் புகை வந்தால் ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸை மாட்ட மறந்திருக்கலாம், அதை முதலில் பாருங்கள்.

அன்று நன்றாக ஓடினாலும் மறுநாள் விடியற்காலையில், செல்ஃப் அடிக்கும் முன், பானட்டைத் திறந்து ஒரு முறை முகருங்கள். சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும் ரப்பர், குளிரில் சுருங்கிக் கசிவதுண்டு. 50, 60 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்ஜின் ஆறியதும் ரெயில் போல்ட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்த தேதி, கிலோமீட்டர், வாங்கிய ஓ-ரிங் கிட்டின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. கவருக்குள் வைத்துவிடுங்கள். எங்கள் வண்டியில் அந்தத் தாளில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன.